அல்பத்தில் எவை சிங்கிள்? மலையகப் பாட்டுக் குழுக்களுக்கு ஐந்து அளவுகோல்கள்

ஹட்டனிலோ பண்டாரவளையிலோ ஒரு குழு பத்துப் பாட்டோடு பொப் அல்பம் ஒன்றை வெளியிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் ஒரு பாட்டு தீபாவளிக்கு முன்னரே ஸ்பொட்டிஃபையில் தனியாக வந்துவிட்டது. மூன்று பாட்டுக்கு யூடியூபில் காணொளி இருக்கிறது. இரண்டு பாட்டைக் கொழும்பு எஃப்.எம். அலைவரிசைகள் ஒலிபரப்பின. இன்னொன்றை யாரும் தனியாக வெளியிடவே இல்லை. ஆனால் ஓட்டோக்காரர்களின் பென் டிரைவில் ஏறி, நோர்வூட்டிலிருந்து தலவாக்கலை வரை அதுதான் ஒலிக்கிறது. இந்த அல்பத்திலிருந்து வந்த அதிகாரபூர்வ சிங்கிள் எத்தனை?

இதைத் தீர்க்காமல் விட்டால் குழப்பம் உடனே தெரியாது. விருதுக்குப் போகும் படிவத்தில் நாலு என்று இருக்கும். வானொலிக்குப் போகும் குறிப்பில் ஆறு என்று இருக்கும். விக்கிப்பீடியாவில் யாரோ ஒரு ரசிகர் ஒன்பது என்று எழுதியிருப்பார். ஐந்து வருடம் கழித்து யாராவது கேட்டால் பாடியவர்களாலேயே உறுதியாகச் சொல்ல முடியாது. மலையகத்தில் கசட் காலத்துப் பாட்டுகள் பலவற்றுக்கு இந்தக் கதி ஏற்கெனவே வந்தாயிற்று. பாட்டு வாயில் நிற்கிறது. எந்த ஆண்டு, எந்த வெளியீடு, யார் போட்டது என்பது எங்கும் எழுதப்படவில்லை. அதே இழப்பு இணையக் காலத்துப் பாட்டுகளுக்கும் வர விடக்கூடாது.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். சிங்கிள் என்பது பாட்டுக்குக் கிடைக்கும் பட்டம் இல்லை. பாட்டின் உரிமை யாரிடம் இருக்கிறதோ அவர் எடுக்கும் முடிவு அது. அல்பத்திலிருந்து இந்தப் பாட்டை மட்டும் பிரித்து, இந்தத் திகதியில், இந்த நாட்டில், தனிச் சரக்காகவோ தனிக் கோரிக்கையாகவோ வெளியே அனுப்புகிறேன் என்பதுதான் அந்த முடிவு. ஆகவே கீழே வரும் ஒவ்வோர் அளவுகோலிடமும் கேட்க வேண்டியது ஒன்றுதான்: அந்த முடிவையும் அதன் திகதியையும் இது காட்டிக்கொடுக்கிறதா?

கடை அளவுகோல்

தனியாக விற்பனைக்கு வந்தால் சிங்கிள் என்பது மிகப் பழைய விதி. பாட்டுகளை வாரந்தோறும் தரவரிசைப்படுத்தும் அமெரிக்காவின் பில்போர்ட் ஹொட் 100 பட்டியல் 1958 ஓகஸ்ட் 4 அன்று தொடங்கியது. அதில் இடம்பிடிக்க, பாட்டு கடையில் தனி இசைத்தட்டாகக் கிடைத்தாக வேண்டும் என்ற நிலை 1998 டிசம்பர் 5 வரை இருந்தது. 1990களில் இசை நிறுவனங்கள் இந்த விதியைத் தமக்கு ஏற்றபடி வளைத்தன. பாட்டை வானொலிக்கு மட்டும் கொடுப்பார்கள், கடைக்குத் தனியாக விடமாட்டார்கள். பாட்டு வேண்டுமென்றால் முழு அல்பத்தையும் வாங்க வேண்டியதுதான். நோ டவுட் குழுவின் ‘டோன்ட் ஸ்பீக்’ 1996-97இல் வானொலி ஒலிபரப்புப் பட்டியலில் 16 வாரம் முதலிடத்தில் இருந்தும் ஹொட் 100இல் ஒரு வாரம்கூட வரவில்லை. அந்த விதிப்படி அது சிங்கிளே இல்லை. கேட்ட மக்களுக்கோ அந்த வருடத்தின் சிங்கிள் அதுதான். அந்த இடைவெளி தாங்க முடியாமல் போனதால்தான் பில்போர்ட் விதியை மாற்றியது.

கடை விதியில் நாடும் முக்கியம். பீட்டில்ஸின் ‘யெஸ்டர்டே’ 1965இல் அமெரிக்காவில் சிங்கிளாக வந்து முதலிடம் பிடித்தது. பிரித்தானியாவில் அப்போது அது அல்பப் பாட்டு மட்டுமே. அங்கே சிங்கிளாக வந்தது 1976இல். ஒரே ஒலிப்பதிவு, இரண்டு நாடு, 11 வருட வித்தியாசம். இலங்கையில் ஒரு திகதியிலும், கனடாவிலோ சுவிசிலோ உள்ள வெளியீட்டாளர் மூலம் வேறொரு திகதியிலும் பாட்டை விடும் குழுக்கள் இதை மனதில் வைக்க வேண்டும்.

இன்றைக்குக் கடை என்பது ஸ்பொட்டிஃபை, அப்பிள் மியூசிக் போன்ற தளங்கள். ஸ்பொட்டிஃபை இலங்கைக்கு வந்தது 2021 பெப்ரவரியில். மஸ்கெலியாவில் ஒரு டிவிஷனில் இருப்பவர் அதில் சந்தா கட்டிப் பாட்டுக் கேட்பது அபூர்வம் என்பது உண்மைதான். இருந்தும் இந்த அளவுகோலை நாங்கள் முதலிடத்தில் வைக்கிறோம். காரணம், தளத்துக்குப் போகும் ஒவ்வொரு வெளியீடும் அழியாத ஒரு பதிவை விட்டுச்செல்கிறது. வெளியீடு ஒவ்வொன்றுக்கும் ஒரு யு.பி.சி. எண் உண்டு. ஒலிப்பதிவு ஒவ்வொன்றுக்கும் ஐ.எஸ்.ஆர்.சி. என்ற, எழுத்தும் எண்ணும் கலந்த 12 இடக் குறியீடு உண்டு. பாட்டு முதலில் தனியாகவும் பின்னர் அல்பத்திலும் வந்தால், யு.பி.சி. இரண்டு இருக்கும், ஐ.எஸ்.ஆர்.சி. ஒன்றே இருக்கும். முடிவு எடுத்ததற்கும் திகதிக்கும் இதைவிடச் சுத்தமான சான்று கிடையாது.

ஆனால் இங்கே பலர் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. 2003 ஏப்ரலில் ஐடியூன்ஸ் கடை திறந்த நாளிலிருந்து அல்பத்தின் எந்தப் பாட்டையும் தனியாக வாங்கலாம். பிரித்தானியப் பட்டியலும் 2007 ஜனவரியிலிருந்து, இசைத்தட்டு வந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையைக் கைவிட்டது. அதனால் ‘தனியாக வாங்க முடிகிறது, ஆகவே சிங்கிள்’ என்று எண்ணினால் அல்பத்தின் பத்துப் பாட்டும் சிங்கிள் ஆகிவிடும். பார்க்க வேண்டியது தனி யு.பி.சி.யும் தனி வெளியீட்டுத் திகதியும் இருக்கிறதா என்பதைத்தான்.

தளங்கள் வகை பிரிக்கும் முறையும் தெரிந்திருக்க வேண்டும். ஒன்று முதல் மூன்று பாட்டு, ஒவ்வொன்றும் 10 நிமிடத்துக்குள், மொத்தம் 30 நிமிடத்துக்குள் என்றால் ஸ்பொட்டிஃபை அதைச் சிங்கிள் என்று போடும். நாலு முதல் ஆறு பாட்டு, 30 நிமிடத்துக்குள் என்றால் ஈ.பி., அதாவது அல்பத்தைவிடச் சிறிய தொகுப்பு. அதற்கு மேல் அல்பம். ஒரே பாட்டுத்தான், ஆனால் 10 நிமிடத்தைத் தாண்டுகிறது என்றால் அதுவும் ஈ.பி. வகைக்குப் போய்விடும். காமன் கூத்துப் பாணியில் 11 நிமிடத்துக்கு ஒரு பாட்டைச் செய்து தனியாக விடும் குழுவுக்கு இது நடக்கும். தளம் போட்ட பெயர் நீளத்தை அளந்து போட்டது. குழு அதைச் சிங்கிள் என்று வெளியிட்டிருந்தால் பட்டியலில் சிங்கிள் என்றே எழுதலாம்.

அடுக்கு வெளியீட்டிலும் குழப்பம் வரும். முதல் பாட்டைத் தனியாக விடுவார்கள். ஆறு வாரம் கழித்து இரண்டாவதை விடும்போது முதலாவதையும் அதன் பின்னால் சேர்த்துவிடுவார்கள். மூன்றாவது வரும்போது மூன்றும் இருக்கும். கேட்பவர் ஒரு பாட்டுக்கு வந்து மற்றதையும் கேட்பார் என்ற நோக்கம் நல்லதுதான். ஆனால் முதல் பாட்டு மூன்று வெளியீட்டில் இருப்பதால் அதை மூன்று தடவை எண்ணிவிடக் கூடாது. வெளியீட்டின் தலைப்பில் எந்தப் பாட்டின் பெயர் இருக்கிறதோ, முதலாவதாக எது நிற்கிறதோ, அதுதான் அந்த வெளியீட்டின் சிங்கிள்.

வானொலி அளவுகோல்

அமெரிக்காவில் இசை நிறுவனம் ஒரு பாட்டை ‘இந்த நாளிலிருந்து ஒலிபரப்புங்கள்’ என்று நிலையங்களிடம் முறையாகக் கொடுக்கும் திகதி உண்டு. சிங்கிள் திகதி என்று அங்கே பல பட்டியல்களில் எழுதப்படுவது அதுதான். இதன் அருமை டெய்லர் ஸ்விஃப்டின் ‘குரூயல் சம்மர்’ பாட்டில் தெரியும். அல்பம் வந்தது 2019 ஓகஸ்ட் 23. ரசிகர்களுக்கு அப்போதே பிடித்துப்போன பாட்டு. ஆனால் நிறுவனம் அதை வானொலிக்குச் சிங்கிளாகக் கொடுத்தது 2023 ஜூனில். அந்த ஒக்டோபரில் அது ஹொட் 100இல் முதலிடம் பிடித்தது. ஆகவே அது 2023ஆம் ஆண்டுச் சிங்கிள், 2019ஆம் ஆண்டுப் பாட்டு. இரண்டையும் பட்டியலில் தனித்தனியே எழுதினால்தான் உண்மை வரும். கடை அளவுகோலை மட்டும் வைத்திருந்தால் இந்த நாலு வருட இடைவெளி கண்ணில் படாது.

நம் நாட்டில் அப்படி அச்சிட்ட திகதிப் பட்டியல் கிடையாது. சூரியன், சக்தி போன்ற தமிழ் அலைவரிசைகளில் நிகழ்ச்சித் தயாரிப்பாளருக்கு மின்னஞ்சலிலோ வட்ஸ்அப்பிலோ பாட்டு போகும். அவருக்குப் பிடித்தால், நேரம் இருந்தால், ஓடும். ஆகவே ‘ரேடியோவில் போட்டார்கள்’ என்பது இங்கே சான்று ஆகாது. நேயர் விருப்பத்தில் யாரோ கேட்டதற்காக அல்பத்தின் ஏழாம் பாட்டு ஒலித்திருக்கலாம். அறிவிப்பாளர் தானே தெரிவு செய்திருக்கலாம். குழு எதைக் கேட்டு அனுப்பியது என்பதுதான் சான்று. அல்பம் முழுவதையும் அனுப்பி ‘எதையாவது போடுங்கள்’ என்று எழுதியிருந்தால் அதில் சிங்கிள் இல்லை. ‘அல்பத்திலிருந்து இந்தப் பாட்டு, இந்த வாரம்’ என்று ஒரு கோப்பை மட்டும் அனுப்பியிருந்தால் அது சிங்கிளுக்கான வானொலிச் சான்று.

அதனால் வானொலிக்கு அனுப்பும்போதே ஒழுங்காக அனுப்புவது நல்லது. வட்ஸ்அப்பில் பாட்டை ஒலிச் செய்தியாக அனுப்பினால் தரம் கெட்டுவிடும், திகதியும் உரையாடலுக்குள் புதைந்துபோகும். மின்னஞ்சலில் வேவ் கோப்புக்கான இணைப்பையும், கூடவே 320 கே.பி.பி.எஸ். எம்.பி.3 ஒன்றையும் வையுங்கள். கோப்பின் பெயரில் பாடியவர், பாட்டு, ஐ.எஸ்.ஆர்.சி. மூன்றும் இருக்கட்டும். ‘ஃபைனல் மிக்ஸ் புதியது 2’ என்ற பெயரில் போன கோப்பு நிலையத்தின் கணினியில் அந்தப் பெயரிலேயே கிடக்கும். பாடியவர் பெயர் இல்லாமல் ஒலிபரப்பாகும் பாட்டுகளில் பல இப்படிப் போனவைதான். மின்னஞ்சலில் பாடலாசிரியர், இசையமைப்பாளர் பெயர், பாட்டின் நீளம், எந்த அல்பம், எந்தத் திகதியிலிருந்து ஒலிபரப்பலாம் என்று ஐந்து வரி போதும். அனுப்பிய பெட்டியில் கிடக்கும் அந்த மின்னஞ்சல்தான் பின்னாளில் உங்கள் சான்று.

ஐந்து நிமிடப் பாட்டை வானொலிக்காக மூன்றரை நிமிடமாக வெட்டினால் அது வேறு ஒலிப்பதிவு. அதற்குப் புதிய ஐ.எஸ்.ஆர்.சி. வேண்டும். பழைய குறியீட்டையே போட்டால் தளங்களில் இரண்டு பதிப்பும் ஒன்றோடொன்று கலந்து, எந்தப் பதிப்பு யாருக்குக் கேட்கும் என்றே சொல்ல முடியாமல் போகும். மறுபக்கம், பாட்டில் ஒரு மாற்றமும் செய்யாமல் அல்பத்தில் சேர்க்கும்போது புதிய குறியீடு எடுத்துவிட்டால், சிங்கிளாகச் சேர்ந்த கேட்பு எண்ணிக்கை அல்பத்துக்கு வராமல் பூச்சியத்திலிருந்து தொடங்கும். இரண்டாவது தவறுதான் அடிக்கடி நடக்கிறது. பாட்டை ஸ்பொட்டிஃபை போன்ற தளங்களுக்குக் கொண்டுசேர்க்கும் விநியோகத் தளத்தில் அல்பத்தை ஏற்றும்போது ‘ஏற்கெனவே குறியீடு உண்டா’ என்ற கட்டத்தைத் தாண்டிப் போய்விடுவதால் வருவது அது.

காணொளியை நம்பலாமா?

நம் வாசகர்களுக்கு ‘முதல் சிங்கிள்’ என்ற சொல் பழக்கமானது தமிழ்ச் சினிமா வழியாகத்தான். 2011 நவம்பர் 16 அன்று ‘3’ படத்தின் ‘வை திஸ் கொலைவெறி’ யூடியூபில் வந்தது. படம் வந்தது அடுத்த மார்ச்சில். அதற்குப் பிறகு படம் வருமுன் முதல் சிங்கிள், இரண்டாம் சிங்கிள் என்று பாட்டு வரிக் காணொளி விடுவது வழக்கமாகவே ஆகிவிட்டது. அந்தப் பழக்கத்தில் மலையகக் குழுக்களும் யூடியூபில் ஏறியதெல்லாம் சிங்கிள் என்று எண்ணுகின்றன. சினிமாவில் அந்தக் கணக்குச் சரிவரக் காரணம், காணொளி வரும் அதே நாளில் ஓடியோ நிறுவனம் பாட்டைத் தளங்களிலும் தனியாக விடுகிறது. காணொளி மட்டும் இருந்தால் கணக்குத் தப்பும்.

இதற்கு பியொன்சேயின் 2013 அல்பத்தைவிட நல்ல சான்று இல்லை. அந்த டிசம்பர் 13 அன்று முன்னறிவிப்பே இல்லாமல் 14 பாட்டும் 17 காணொளியும் ஒன்றாக வந்தன. காணொளி இருந்தால் சிங்கிள் என்றால் அல்பம் முழுவதுமே சிங்கிள் ஆகியிருக்கும். வானொலிக்குச் சிங்கிளாகப் போனவை அவற்றில் சில மட்டுமே.

மலையகத்தில் இன்னொரு காரணமும் உண்டு. எந்தப் பாட்டுக்குக் காணொளி அமைகிறது என்பதை இங்கே பெரும்பாலும் சூழ்நிலைதான் தீர்மானிக்கிறது. ட்ரோன் வைத்திருக்கும் நண்பருக்கு எந்த ஞாயிறு ஓய்வு, மழை எப்போது விட்டது, தேயிலை மலையில் எடுக்கத் தோட்ட நிர்வாகம் அனுமதி தந்ததா, திருவிழாவில் தப்படிக்கும் காட்சி எந்தப் பாட்டோடு பொருந்தியது என்றெல்லாம் பார்த்து எடுக்கிறார்கள். அதில் தப்பில்லை. அது அல்பத்திலிருந்து பாட்டைத் தெரிவு செய்த முடிவு என்று மட்டும் கொள்ள முடியாது.

யூடியூபில் கவனிக்க வேண்டிய இன்னொன்று: விநியோகத் தளம் வழியாக அல்பம் போனால், பாட்டு ஒவ்வொன்றுக்கும் அட்டைப் படத்தை மட்டும் காட்டும் காணொளி ஒன்றை யூடியூப் தானாகவே உருவாக்கும். பாடியவர் பெயருக்குப் பின்னால் ‘டொபிக்’ என்று போட்ட சனல் அது. இதை அதிகாரபூர்வக் காணொளி என்று எண்ணிப் பத்துப் பாட்டையும் சிங்கிள் பட்டியலில் ஏற்றியவர்கள் உண்டு.

அறிவிப்பு

‘எங்கள் அல்பத்தின் இரண்டாவது சிங்கிள் இது’ என்று குழுவே பேஸ்புக்கில் எழுதினால் அதற்கு மேல் என்ன வேண்டும் என்று தோன்றும். முடிவு எடுப்பவரின் வாக்கு என்பதால் இந்த அளவுகோலுக்குப் பலம் உண்டு. பலவீனம், அறிவிப்பும் செயலும் ஒன்றாக இருப்பதில்லை என்பது. ‘அடுத்த சிங்கிள் விரைவில்’ என்று சுவரொட்டி போட்டு, பாட்டு கடைசியில் அல்பத்தோடுதான் வந்திருக்கும். அதை எண்ணக் கூடாது. அறிவித்த பாட்டு, அறிவித்தபடி, அல்பத்திலிருந்து வேறான ஒரு நாளில் வெளியே வந்ததா என்று பார்க்க வேண்டும்.

அல்பம் வரும் நாளில் ‘இதை முக்கியமாகக் கேளுங்கள்’ என்று ஒரு பாட்டைக் காட்டுவதும் உண்டு. விநியோகப் படிவமே அதைக் கேட்கும். கொரிய பொப்பில் அல்பத்தின் தலைமைப் பாட்டு என்று ஒன்றை வைத்து, மேடையெல்லாம் அதையே பாடுவார்கள். பெரும்பாலும் அது தனியாக வெளியாகாது. முன்பதிவு செய்தவர்களுக்கு அல்பத்துக்கு முன்பே ஒரு பாட்டைத் திறந்துவிடுவது இன்னொரு வழக்கம். இவை எல்லாம் புரொமோ வகை, அதாவது அல்பத்துக்கு விளம்பரமாகக் காட்டும் பாட்டுகள். பெருமைக் குறைவு எதுவும் இல்லை, சிங்கிள் எண்ணிக்கையில் சேராது, அவ்வளவுதான்.

புகழை ஏன் ஒதுக்குகிறோம்

எது அதிகம் ஓடியதோ அது சிங்கிள் என்பது ஊரில் சாதாரணமாகச் சொல்லும் கணக்கு. இதை நாங்கள் முற்றாக ஒதுக்குகிறோம். 2017 மார்ச்சில் எட் ஷீரனின் அல்பம் வந்த வாரத்தில் அதன் 16 பாட்டும் பிரித்தானியச் சிங்கிள் பட்டியலின் முதல் இருபதுக்குள் நுழைந்தன. அவற்றில் இரண்டு மட்டுமே ஜனவரியில் சிங்கிளாக வந்தவை. மற்றவை, மக்கள் அல்பத்தைத் திறந்து வரிசையாகக் கேட்டதால் ஏறியவை. அதன் பிறகு ஒரு பாடகரின் பாட்டுகளில் அதிகம் கேட்கப்பட்ட மூன்றை மட்டுமே பட்டியலில் எடுப்பது என்று அந்த ஜூலையில் விதி வந்தது. அமெரிக்காவில் தங்கச் சான்றிதழ்கூட, 5 இலட்சம் அலகு எட்டினால், சிங்கிளாக வராத பாட்டுக்கும் கிடைக்கும். பட்டியலும் சான்றிதழும் கேட்ட அளவைச் சொல்கின்றன. வெளியிட்டவரின் முடிவைச் சொல்வதில்லை.

மலையகத்திலோ கேட்ட அளவையே யாரும் முழுதாக எண்ணுவதில்லை. ஹட்டன் கண்டி பஸ்ஸில் ஓடியது, கோயில் ஒலிபெருக்கியில் ஓடியது, லயத்துக்கு லயம் வட்ஸ்அப்பில் கைமாறியது, இவை எந்தத் தளத்தின் கணக்கிலும் இல்லை. ஸ்பொட்டிஃபையில் 12 மாதத்தில் 1,000 கேட்புக்குக் குறைந்த பாட்டுக்கு 2024இலிருந்து ஒலிப்பதிவு உரிமைத்தொகையும் கிடையாது. ஆகவே தளத்தின் எண்ணை வைத்துச் சிங்கிளைத் தீர்மானித்தால் ஊரே பாடும் பாட்டு விடுபட்டுப்போகும். ஊரின் வாயை வைத்துத் தீர்மானித்தால் ஒருவர் சொல்வது இன்னொருவர் சொல்வதோடு ஒத்துப்போகாது. அந்தப் பாட்டின் புகழைப் பட்டியலில் ‘மக்கள் பாட்டாக எடுத்துக்கொண்டது’ என்று தாராளமாகக் குறிப்பெழுதுங்கள். அது பதிவில் இருக்கவே வேண்டிய செய்தி.

எங்கள் வரிசை

தனி யு.பி.சி.யும் அல்பத்திலிருந்து வேறான திகதியும் இருந்தால், வேறெதுவும் பார்க்காமல் சிங்கிள். அவை இல்லையென்றால், குழு அந்தப் பாட்டை மட்டும் குறிப்பிட்டு வானொலிக்கு அனுப்பியதற்கும், பொதுவில் சிங்கிள் என்று அறிவித்ததற்கும் திகதியோடு சான்று வேண்டும். இரண்டும் சேர்ந்து இருந்தால் சிங்கிள். ஒன்று மட்டும் என்றால் புரொமோ. காணொளியும் புகழும் தாமாக எதையும் நிலைநாட்டா.

மேலே சொன்ன கற்பனை அல்பத்தில் இதை ஓட்டிப் பார்ப்போம். முதலாம் பாட்டு தீபாவளிக்கு முன் வெள்ளிக்கிழமை தனியாக ஸ்பொட்டிஃபையில் வந்தது: சிங்கிள், அந்த வெள்ளியின் திகதி. நாலாம் பாட்டுக்கு அல்பம் வந்த மறுவாரம் காணொளி வந்தது, வானொலியிலும் இரண்டு தடவை ஓடியது. விசாரித்தால், ஓடியது நேயர் விருப்பத்தில்தான். குழு அனுப்பவில்லை. சிங்கிள் இல்லை, காணொளிப் பாட்டு. ஆறாம் பாட்டுக்கும் காணொளி உண்டு. தைப்பொங்கலுக்கு முன் ‘இது எங்கள் இரண்டாம் சிங்கிள்’ என்று பேஸ்புக்கில் போட்டு, மூன்று நிலையங்களுக்கு அந்த ஒரு கோப்பை மட்டும் அனுப்பிய மின்னஞ்சலும் இருக்கிறது. தளத்தில் தனி வெளியீடு இல்லாவிட்டாலும் சிங்கிள், மின்னஞ்சலின் திகதியோடு. எட்டாம் பாட்டுக்குக் காணொளியைத் தவிர வேறெதுவும் இல்லை. ஒன்பதாம் பாட்டுத்தான் ஓட்டோக்காரர்களின் பாட்டு. அதற்கு வெளியீடும் இல்லை, அனுப்பிய கடிதமும் இல்லை. எண்ணிக்கை இரண்டு. குழு இதுவரை எழுதிவந்த நாலும் ஆறும் சரியில்லை.

ஒன்பதாம் பாட்டைப் பற்றிக் குழு மனம் சோர வேண்டாம். இன்னும் விடலாம். அதே ஐ.எஸ்.ஆர்.சி.யோடு, புதிய யு.பி.சி.யில், தனி அட்டைப்படத்தோடு அடுத்த வெள்ளிக்கிழமைக்கு ஏற்றினால் அன்றிலிருந்து அது சிங்கிள். ‘குரூயல் சம்மர்’ நாலு வருடம் காத்திருந்தது.

வெளியிடுமுன் முடிவெடுப்பவர்களுக்கு

அல்பம் இன்னும் வராத குழுவுக்கு வேலை எளிது. பத்துப் பாட்டு அல்பத்துக்கு முன்னால் இரண்டு, பின்னால் ஒன்று என்பது எங்கள் பரிந்துரை. மைக்கேல் ஜாக்சனின் ‘த்ரில்லர்’ 9 பாட்டில் 7 சிங்கிள் தந்தது. ஆனால் ஒவ்வொன்றுக்கும் பணமும் ஆளும் போட உலகளாவிய நிறுவனம் ஒன்று பின்னால் நின்றது. அது இல்லாமல் ஐந்தாறு பாட்டை முன்கூட்டியே விட்டால் அல்பம் வரும் நாளில் புதிதாகக் கேட்க ஒன்றும் மிஞ்சாது.

தனியாக விடுவதில் இன்னொரு இலாபமும் இருக்கிறது. ஸ்பொட்டிஃபையின் தொகுப்பாளர்களுக்கு வெளிவராத பாட்டை முன்வைக்கும் வசதி உண்டு. ஒரு நேரத்தில் ஒரு பாட்டைத்தான் வைக்கலாம். வெளியீட்டுக்கு ஏழு நாளாவது முன்னால் வைத்தால் பின்தொடர்பவர்களின் புதுப்பாட்டுப் பட்டியலில் அது சேரும். அல்பத்தை ஒரேயடியாக விட்டால் அந்த வாய்ப்பு ஒரே பாட்டுக்குத்தான். இரண்டு சிங்கிளும் அல்பமும் என்றால் மூன்று வாய்ப்பு. கோப்பை நாலு வாரம் முன்பே ஏற்றிவிடுங்கள். மூன்றாம் வாரத்தில் அட்டைப்படம் சிறிது என்றோ, தலைப்பில் எழுத்துப் பிழை என்றோ திருப்பி அனுப்பப்பட்டால் திருத்த நேரம் இருக்கும். அட்டைப்படம் 3000க்கு 3000 பிக்சல், ஒலி 16 பிட் 44.1 கிலோஹேர்ட்ஸ் வேவ் என்பது எல்லா இடத்திலும் செல்லும். வெள்ளிக்கிழமை என்பது 2015 ஜூலை 10 முதல் உலகெங்கும் புது வெளியீட்டுக்கு வைத்த நாள். தீபாவளி திங்களில் வந்தால், கொழும்பில் வேலை செய்யும் பிள்ளைகள் தோட்டத்துக்கு ஏறுமுன் வரும் வெள்ளியைப் பிடியுங்கள். பஸ்ஸில் வரும்போதே பாட்டு கையில் இருக்கும்.

குழுவின் பெயரை எல்லா வெளியீட்டிலும் ஓர் எழுத்து மாறாமல் எழுதுவது முக்கியம். முதல் சிங்கிளில் தமிழிலும் இரண்டாவதில் ஆங்கில எழுத்திலும் போட்டால் தளம் இரண்டு கலைஞர் பக்கம் திறந்துவிடும். ஒன்றில் ஒரு சிங்கிள், மற்றதில் அல்பம் என்று கிடக்கும். பிறகு சேர்ப்பது முடியும், ஆனால் வாரக்கணக்கில் மின்னஞ்சல் எழுத வேண்டும்.

சில பாட்டுகள் இந்தக் கணக்குக்கே வெளியே நிற்பவை. 2021 மார்ச்சில் வந்த ‘எஞ்சாய் எஞ்சாமி’, இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் தமிழ்நாடு திரும்பிய ஒரு பாட்டியின் நினைவிலிருந்து பிறந்தது, எந்த அல்பத்திலிருந்தும் எடுத்ததில்லை. அது அல்பமில்லாத் தனிச் சிங்கிள். அப்படிப்பட்டதைப் பின்னாளில் அல்பத்தில் சேர்த்தால் ‘முன்னர் தனியாக வந்தது’ என்று எழுதுங்கள். மறுபாடலும் வேறு கணக்கு. 2020இல் வந்த ‘மெனிகே மகே ஹிதே’ பாட்டை 2021 மேயில் யொஹானி பாடியபோது அது புது ஒலிப்பதிவு, புது வெளியீடு. பாட்டு ஒன்றானாலும் பட்டியலில் இரண்டு வரி. அல்பப் பாட்டை மேடையில் கிட்டார் மட்டும் வைத்துப் பாடித் தனியாக விட்டாலும் இதே விதிதான்.

இந்தப் பதிவை ஒரு பள்ளிக்கூடக் கொப்பியிலோ கூகுள் ஷீட்டிலோ இன்றே தொடங்கலாம். பாட்டுக்கு ஒரு வரி, வரிக்கு எட்டு நிரல்: பாட்டின் பெயர், ஐ.எஸ்.ஆர்.சி., தனி யு.பி.சி., தனி வெளியீட்டுத் திகதி, வானொலிக்கு அனுப்பிய திகதி, அறிவித்த திகதி, காணொளித் திகதி, நாடு. அல்பம் வந்ததும் பக்கத்தைத் துப்புரவாக்கச் சிலர் தனிச் சிங்கிளைத் தளத்திலிருந்து அகற்றிவிடுவார்கள். அகற்றுமுன் அந்தப் பக்கத்தைத் திகதி தெரியும்படி ஸ்கிரீன்ஷொட் எடுத்து இந்தக் கோப்போடு வையுங்கள். சான்று பாதியில் நிற்கும் பாட்டுகளைப் புரொமோ என்ற தனிப் பகுதியில், கிடைத்த திகதியோடு விட்டுவிடுங்கள். பழைய மின்னஞ்சல் ஒன்று அகப்பட்டால் அன்று மேலே ஏற்றிக்கொள்ளலாம்.